‘நமது நிருபர்’ காளிராஜ்

காளிராஜுக்கு ராஜபாளையத்தில் இரண்டு உத்தியோகம். பகலில் பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரி. பொழுது சாய்ந்தால், மதுரையிலிருந்து வரும் ‘வைகைக் குரல்’ பத்திரிகைக்கு நிருபர். முதல் உத்தியோகம் சோறு போட்டது. இரண்டாவதில் வருகிற மணியார்டர் சைக்கிளுக்குக் காற்றடிக்கத்தான் காணும். ஆனாலும், “அண்ணாச்சிக்கு என்ன சோலி?” என்று யாராவது கேட்டால் “நிருபர்” என்றுதான் பதில் வரும். பேண்டேஜ் அவர் வாயில் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

லாரி கவிழ்ந்தது, முனிசிபாலிட்டியில் கூச்சல் போட்டது எல்லாம் கடமைக்கு எழுதுவார். உயிர் மட்டும் விளையாட்டுச் செய்தியில் இருந்தது. இத்தனைக்கும் ஆயுசில் ஒரு பந்தை எட்டி உதைத்தவர் இல்லை. அந்தப் பித்து அவருக்குப் பிடித்தது ஒரு டிரங்குப் பெட்டியில். வீட்டிலிருந்த பழைய பெட்டியின் அடியில் யாரோ எப்போதோ பேப்பர் விரித்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பேப்பர். அதில் ஒரு கால்பந்துப் போட்டியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தது. ‘ஜனசமுத்திரம் ஆர்ப்பரிக்க இரு கட்சியாரும் கச்சை கட்டிக் களம் புகுந்தனர். பந்தோ பம்பரமெனச் சுழன்றது. ஆட்டம் வெகு மும்முரமாய் நடந்தேறி, முடிவில் வெற்றிமாது மதுரையாரின் கழுத்தில் மாலை சூட்டினாள்.’ பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே காளிராஜ் இதை நெட்டுருப் போட்டுவிட்டார். திருக்குறள் நாலு சொல்லச் சொன்னால் திணறியவருக்கு இது மட்டும் தூக்கத்திலும் வரும்.

அந்த மொழியைத்தான் அவர் எண்பதுகளிலும் எழுதினார். ஊரெல்லாம் கபடி என்று சொல்ல ஆரம்பித்த பிறகும் அவருக்கு அது சடுகுடுதான். கைதட்டலுக்குக் கரகோஷம், ஜெயிப்பதற்கு வாகை சூடுதல், தோற்றவர்களுக்கு எப்போதும் மண்ணைக் கவ்வுதல். இந்த மொழியில் ஒரு வசதி உண்டு. எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். அதனால் அவர் செய்தியை முதல் நாளே முக்கால்வாசி எழுதி முடித்துவிடுவார். பேருக்கும் புள்ளிக்கும் மட்டும் இடம் விட்டிருப்பார். இறுதிப் போட்டி என்றால் இரண்டு தாள். இந்த ஊர் ஜெயித்தால் இடது பையில் உள்ளது, அந்த ஊர் ஜெயித்தால் வலது பையில் உள்ளது. விசில் ஊதினதும் சரியான பையில் கை விட்டால் போதும்.

மதுரை ஆபீசில் விளையாட்டுச் செய்திகளைத் திருத்திப் போடுகிறவர் ராஜரத்தினம் என்ற பெரியவர். “என்னய்யா காளிராஜ், நான் குடுக்கிறதே நாலு இஞ்சு எடம். அதுக்குள்ள நீ பாரதப் போரையே நடத்துறியே!” என்று போனில் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கத்தரி போடுவார். அச்சில் வரும்போது ஜனசமுத்திரமும் இருக்காது, வெற்றிமாதும் இருக்கமாட்டாள். யார் ஜெயித்தார், எத்தனை புள்ளி, அவ்வளவுதான். தலைப்புக்குக் கீழே ‘நமது நிருபர்’ என்றிருக்கும். நமது நிருபர் யார் என்று டீக்கடையில் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பத்து வருஷமாக எழுதியும் காளிராஜ் என்ற பேர் ஒருமுறைகூட அச்சில் வந்ததில்லை. வெந்த சோறு கைக்கு வந்து வாய்க்கு வராத கதைதான்.

இதை எல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார், நம்பி வருகிற வரைக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பத்திரிகை போட்ட புது நிருபர் நம்பி. ஆண்டாள் கோயிலில் பரம்பரைக் கைங்கரியம் உள்ள குடும்பம். இருபத்தைந்து வயசு இருக்கும், நெற்றியில் திருமண், மூக்கில் கண்ணாடி, அதிர்ந்து பேசாத சுபாவம். அவன் எழுதிய முதல் கால்பந்துச் செய்தியைப் படித்த அன்றைக்கே காளிராஜின் வயிற்றில் கங்கு விழுந்துவிட்டது. ‘சேத்தூர் கோல்கீப்பருக்குக் கையுறை இல்லை. அம்மாவின் பழைய சேலைக் கிழிசலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். மூன்று பந்துகளைப் பிடித்தார். நான்காவது பந்து போகும்போது கிழிசல் அவிழ்ந்துவிட்டது.’ இவ்வளவுதான் எழுதியிருந்தான். வாகையும் இல்லை, மண்ணும் இல்லை. ராஜரத்தினம் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரிபூரணத்தின் டீக்கடையில் பேப்பரை உரக்க வாசிப்பது வழக்கம். பரிபூரணம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “ஏலே, பக்கத்துல உக்காந்து கதை சொல்லுத மாதிரில்லா இருக்கு. யாரு எழுதுனது?”

“வில்லிபுத்தூர் நம்பி சாமியாம்,” என்றான் வாசித்தவன்.

காளிராஜ் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். தன் பேர் தெரியாத கடையில் நம்பியின் பேர் மட்டும் எப்படித் தெரிந்தது? அவன் பேரும் அச்சில் இல்லையே! நல்ல செய்தி என்றால் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் விடை. அந்த விடை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி செல்லத்தாய் அதுவரை பேப்பரில் தங்கம் விலை மட்டும் பார்த்தவள். அவளும், “அந்தக் கோல்கீப்பர் பாவம், என்ன?” என்று கேட்டுவிட்டாள்.

“ஏட்டி, ஆட்டத்தை எழுதச் சொன்னா அவன் சேலையை எழுதுதான். அது ஒரு செய்தியா?”

“நீங்களும் அப்படி எழுதுங்களேன்,” என்றாள் அவள் வெள்ளந்தியாக. அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவள் சொன்னதைச் செய்து பார்க்காமலும் இல்லை. ஒரு வாலிபால் ஆட்டத்தில் செருப்பில்லாமல் ஆடிய ஒருவனைப் பற்றி நம்பியைப் போல எழுத உட்கார்ந்தார். ‘பாதரட்சையற்ற பாதங்களோடு பாய்ந்தான் அந்தப் பார்த்திபன்’ என்று வந்து நின்றது. கிழித்துப் போட்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லாமல் கண்ணாடிக் கடைக்குப் போய், நம்பியுடையதைப் போல ஒன்றை மூக்கில் மாட்டி முகம் பார்த்துவிட்டுத் திரும்பியதும் அந்த வாரம்தான். பொறாமை பிடித்தவன் செய்கிற காரியத்துக்கு அர்த்தம் தேடக் கூடாது.

நம்பியோ அவரைக் கண்டால் “வாங்கோ அண்ணா” என்று எழுந்து நிற்பான். அது இன்னும் எரிந்தது. திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். நல்லவன் மேல் பொறாமைப்படுவது போல ஒரு நரகம் கிடையாது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மார்கழியில் ராஜரத்தினம் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். பொங்கலிலிருந்து விளையாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் வருகிறது. ஜில்லாவுக்கு ஒரு விளையாட்டு நிருபர். அவர் எழுதும் செய்திக்கு மேலே பேர் போடப்படும். ராஜபாளையத்தில் நடக்கிற சடுகுடு இறுதிப் போட்டிக்கு இருவரும் வந்து ஆளுக்கொரு செய்தி எழுத வேண்டும். எது நன்றாக இருக்கிறதோ அது பேரோடு அச்சாகும், எழுதியவருக்கே அந்தப் பக்கம். “இந்தத் தடவை எடம் தாராளமா இருக்கு. கத்தரியை உள்ள வச்சுட்டேன்,” என்றார்.

காளிராஜின் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. பேர் போடப்படும். அன்றிரவு தன் பேரைக் கொட்டை எழுத்தில் தாளில் எழுதி, தள்ளி வைத்துப் பார்த்தார். அச்சில் வந்தால் அழகாகத்தான் இருக்கும் என்று பட்டது.

இறுதிப் போட்டி சேத்தூருக்கும் கான்சாபுரத்துக்கும். வழக்கப்படி இரண்டு தாளும் இரண்டு பைக்குள் ஏறிவிட்டன. இடது பையில் சேத்தூர் வாகை சூடியிருந்தது, வலது பையில் கான்சாபுரம். மைதானத்தில் புழுதி முழங்கால் மட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நம்பி எதிர்ப்பக்கம் தரையில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். காளிராஜ் ஆட்டத்தை முக்கால்வாசி நேரமும் பார்க்கவில்லை, நம்பியைத்தான் பார்த்தார்.

கடைசியாகப் பாடிப் போகிற முறை வந்தபோது இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி. சேத்தூர்க் கேப்டன் சோலைராஜ் மூச்சைக் கட்டிக்கொண்டு பாடிப் போனார். ஒரு மில்லில் நூற்புத் தொழிலாளி, ஒல்லி ஆள். கான்சாபுரத்து ரத்தினம் பாய்ந்து அவர் கணுக்காலைப் பிடித்தார். புரண்டார்கள். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. நடுவர் விசிலை ஊதி, பிடிபட்டார் என்று கையைக் காட்டினார். கான்சாபுரம் ஜெயித்தாகிவிட்டது. கூட்டம் கத்தியது. காளிராஜின் கை தானாக வலது பைக்குப் போனது.

அப்போது ரத்தினம் எழுந்து நடுவரிடம் வந்தார். உடம்பெல்லாம் மண். “சார், அவரு பாட்டு விடல. மூச்சு நிக்கிறதுக்கு முன்னால வெரலு நடுக்கோட்டைத் தொட்டுட்டு. நான் பாத்தேன்,” என்றார்.

நடுவருக்கே புரியவில்லை. “நீதானப்பா பிடிச்சே?”

“பிடிச்சேன். ஆனா அவரு தொட்டுட்டாரே.”

புள்ளி சேத்தூருக்குப் போயிற்று, கோப்பையும் போயிற்று. கான்சாபுரத்து ஆட்கள் ரத்தினத்தை வைதார்கள். சோலைராஜ் வந்து ரத்தினத்தின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். தோற்றவன் கையைத்தான் தூக்கினார், தன் கையை அல்ல.

காளிராஜ் இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்தார். இடது தாளில் கான்சாபுரம் மண்ணைக் கவ்வியிருந்தது. எழுத்தைப் பார்க்கவே கூசியது. இந்த மனுஷனைப் போய் மண்ணைக் கவ்வினான் என்று எப்படி எழுதுவது? மைதானத்து ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, அதே தாள்களின் முதுகில் புதிதாக எழுத ஆரம்பித்தார். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுதுவது அதுதான் முதல் தடவை. மொழி என்னவோ அதே டிரங்குப் பெட்டி மொழி. அதை விட்டால் அவருக்கு வேறு மொழி தெரியாது.

‘சேத்தூர்ச் சிங்கம் சோலைராஜ் கடைசி மூச்சைக் கட்டிக் களம் புகுந்தார். கான்சாபுரத்து ரத்தினம் உடும்பெனப் பற்றினார். நடுவர் ஊத, ஜனசமுத்திரம் ஆர்ப்பரிக்க, வெற்றிமாது கான்சாபுரத்தின் கழுத்துக்கு மாலையை நீட்டிவிட்டாள். ரத்தினம் எழுந்தார். எனக்கு வேண்டாம் தாயே, அது அவருக்குரியது என்று நீட்டிய மாலையைத் திருப்பி அனுப்பினார். வெற்றிமாது வெட்கப்பட்டு நின்றதை நாம் இன்றுதான் கண்டோம்.’

எழுதி முடித்தபோது நம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான். “அண்ணா, ஒரு உபகாரம் பண்ணணும். கோயில்ல எண்ணெய்க் காப்பு உற்சவம், இன்னிக்கு எங்காத்து முறை. இந்த பஸ்ஸை விட்டா போய்ச் சேர முடியாது. உங்களுதைப் போன்ல சொல்றச்ச என்னுதையும் வாசிச்சுடுங்கோ.” இரண்டு தாளைக் கையில் திணித்துவிட்டு, மறு யோசனை இல்லாமல் பஸ்ஸில் தொற்றினான்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போகிற வழியிலேயே காளிராஜ் அதைப் படித்தார். ‘பிடித்தவர் ரத்தினம். தொட்டுவிட்டார் என்று சொன்னவரும் ரத்தினம். அதன் பிறகு அவர் வேட்டியைத் தேடிக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.’ கங்கு மறுபடியும் விழுந்தது. அந்த வேட்டி தன் கண்ணில் ஏன் படவில்லை? தான் எழுதியதைப் பார்த்தார். பவுடர் அப்பிய கூத்துக்காரனைப் போலப் பட்டது. நம்பியுடையது வீட்டு மனுஷனைப் போல இருந்தது. இதுதான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. பத்து வருஷம் உழைத்தது யார், பேர் போகப் போவது யாருக்கு?

பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். ராஜரத்தினமே லைனில் வந்தார்.

“முதல்ல என்னுதை எழுதிக்கிடுங்க சார்,” என்று நம்பியின் தாளை வாசித்தார். “அடுத்தது நம்பி சாமி எழுதுனது,” என்று தன் தாளை வாசித்தார். வாசிக்கும்போது ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, அதுதான் ஆச்சரியம். போதாததற்கு, “பேரு மாறிறக் கூடாது சார், செத்த திருப்பிச் சொல்லுங்க,” என்று வேறு கேட்டார். ராஜரத்தினம் திருப்பி வாசித்து, எது யாருடையது என்று உறுதி செய்துகொண்டார். நம்பி கேட்டால், மதுரைக்காரர்கள் பேரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது காளிராஜின் கணக்கு.

மறுநாள் காலையில் பரிபூரணம் கடையில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். காளிராஜ் சைக்கிளை நிறுத்தும்போதே, ‘நீட்டிய மாலையைத் திருப்பி அனுப்பினார்’ என்ற வரி காதில் விழுந்தது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தார். அரைப் பக்கத்துக்கு அவருடைய எழுத்து, ஒரு சொல்கூட வெட்டாமல். ஜனசமுத்திரம் இருந்தது, வெற்றிமாதும் இருந்தாள். மேலே கொட்டை எழுத்தில் ‘நமது விளையாட்டு நிருபர் நம்பி’ என்று போட்டிருந்தது.

“அந்த வெக்கப்பட்டு நின்னாங்கிறதை இன்னொரு மட்டம் வாசிலே,” என்றார் பரிபூரணம். கண் கலங்கியிருந்தது. டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்து அன்றுதான் பார்த்தார்கள்.

காளிராஜ் பூத்துக்கு ஓடினார். “சார், பேரு மாறிப்போச்சு. அந்தச் செய்தி நான் எழுதுனது சார்.”

மறுமுனையில் ராஜரத்தினத்தின் குரல் ஏறியது. “ஏன்யா, உன் வாயால நம்பியோடதுன்னு சொன்னே. திருப்பிச் சொல்லச் சொல்லி வேற கேட்டே. இப்ப ஊரு பாராட்டுதுன்னதும் உன்னுதா? இம்புட்டு வயித்தெரிச்சல் ஆகாதுய்யா.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “நான் சின்னப் பையனா இருக்கையில பேப்பர்ல இப்படித்தான் எழுதுவாக. எத்தனை வருஷம் ஆச்சு படிச்சு! நாலு இஞ்சுல அதுக்கு எடம் இல்லாமப் போச்சு. உன்னோட வெற்றிமாதையே எடுத்து அவன் எப்படி எழுதிட்டான் பாரு. உன்னுதும் மோசமில்ல, கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு. நீ நம்பிகிட்டக் கத்துக்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பூத் வாசலில் நம்பி நிற்கிறான். கையில் பேப்பர். முதல் பஸ்ஸிலேயே வந்திருக்கிறான்.

“அண்ணா, இது நான் எழுதினது இல்லையே,” என்றான். “என் தாள் தொலைஞ்சு போச்சா? அதனாலயா உங்களுதையே எம்பேர்ல குடுத்துட்டேள்?”

காளிராஜின் தலை ஒரு மாதிரி ஆடியது. அது ஆமாம் என்று ஆடியதாக நம்பி எடுத்துக்கொண்டான்.

“இப்படி யாராவது பண்ணுவாளா? இந்தப் பக்கம் உங்களுக்குச் சேர வேண்டியதுண்ணா. நான் இப்பவே மதுரைக்குப் பேசறேன்.” பூத் கதவைத் திறக்கப் போனவனின் கையைக் காளிராஜ் பாய்ந்து பிடித்தார், கான்சாபுரத்து ரத்தினம் கணுக்காலைப் பிடித்த மாதிரி. இவன் பேசினால் ராஜரத்தினம் அந்த இன்னொரு செய்தியை வாசித்துக் காட்டுவார். நம்பியின் தாள் யார் பேரில் போயிற்று என்பது வெளியே வந்துவிடும்.

“வேண்டாம் சாமி. அது உங்க பேருலயே இருக்கட்டும்.”

“அது பாவம்ணா.”

“இருக்கட்டும்னு சொல்லுதேன்லா!” பிடித்த கையை விடவில்லை. “யாருகிட்டயும் சொல்லக் கூடாது. ஆண்டாள் மேல ஆணையாச் சொல்லுங்க.”

நம்பியின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு பெரிய மனுஷனா என்று பார்த்தான். பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் குனிந்து காலைத் தொட்டான். “ஆண்டாள் மேல ஆணைண்ணா,” என்றான். அந்த வீட்டுப் பிள்ளை ஆண்டாள் மேல் ஆணையிட்டால் அது உயிர் போனாலும் மாறாது என்பது காளிராஜுக்குத் தெரியும். தன் பேரைத் தானே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியாகிவிட்டது.

அதன் பிறகு வாரா வாரம் நம்பியின் பேர் அச்சில் வந்தது. நம்பி எப்போதும் போல வேட்டியையும் கிழிசலையும் எழுதினான், ஜனங்கள் எப்போதும் போல ரசித்தார்கள். ஒவ்வொரு மார்கழியிலும் பிரசாதத்தோடு காளிராஜ் வீட்டுக்கு வந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனான். “எம்புட்டு மரியாதையான பிள்ளை!” என்று செல்லத்தாய் சொல்லும்போதெல்லாம் காளிராஜ் கொல்லைப்பக்கம் எழுந்து போய்விடுவார். அவர் ‘நமது நிருபர்’ ஆகவே லாரி கவிழ்ந்ததை எழுதிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றேழில் வாய்க்கால் தகராறு ஒன்றைப் பற்றி எழுதக் கான்சாபுரம் போனார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அது ரத்தினத்தின் வீடு. ஆள் சதை போட்டிருந்தார், ஆட்டத்தை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. பேப்பருக்கு எழுத வந்தவர் என்றதும் சுவரைக் காட்டினார். சுவரில் சாமி படங்களுக்கு நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தப் பேப்பர்.

“அன்னைக்கு எங்க ஊர்க்காரங்க என்னைய அம்புட்டுப் பேச்சுப் பேசுனாக அண்ணாச்சி,” என்றார் ரத்தினம். “ரெண்டு நாளு சோறு எறங்கல. பொறவு இதைப் படிச்சாக. ஒரு ஆளு வாயத் தொறக்கல.” பேப்பரைப் பார்க்காமலே சொன்னார்: “‘வெற்றிமாது வெட்கப்பட்டு நின்றதை நாம் இன்றுதான் கண்டோம்.’ நம்பி சாமி ஆண்டாள் ஊர்க்காரரு. அதான் மாலையைப் பத்தி இப்படி எழுத வந்திருக்கு. மத்தவுகளுக்கு வருமா?”

காளிராஜ் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சட்டத்தின் அருகில் போய் முதல் வரியிலிருந்து படித்தார். எங்காவது ஒரு சொல் பிசகாதா என்று தேடினார். பிசகவில்லை. இத்தனை வருஷம் நம்பியின் எழுத்தைப் படிக்கும்போது வயிற்றில் விழுந்த அதே கங்கு இப்போதும் விழுந்தது.

“நீங்களும் பேப்பர்லதான எழுதுறீக. இந்த மாதிரி எழுதி உங்க பேரு வந்திருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டார் ரத்தினம்.

காளிராஜ் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

“இல்லப்பா,” என்றார். “நமக்கு அம்புட்டு எழுத வராது.”